திரைக்குப் பின்னாலிருந்து ஒரு பகடிப் படம்: வரைவிலிருந்து செப்புத் தகட்டு அச்சு வரை

பின்மேடையை வைத்துப் பகடிப் படம் போட உட்காருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். முகங்களைக் கோணலாக்குகிறார்கள். மூக்கு நீளும், பல் துருத்தும், தொப்பை தொங்கும். படம் அசிங்கமாகும், சிரிப்பு வராது. திரைக்குப் பின்னால் சிரிப்பை மூட்டுவது பொருள்கள்தான். ராஜாவின் கிரீடம் கிரீடமாகவும் இருக்கிறது, கஞ்சிச் சட்டி வைக்கும் மணையாகவும் இருக்கிறது. ஒரே பொருள் இரண்டு வேலை பார்ப்பதைப் பார்க்கிறவர் தானாகக் கண்டுபிடிக்க வேண்டும். செப்புத் தகட்டில் மெழுகு பூசி, ஊசியால் கீறி, கீறிய கோட்டை அமிலத்தால் அரித்து, அந்தப் பள்ளத்தில் மை நிரப்பித் தாளில் அச்செடுப்பதுதான் இங்கே சொல்லும் முறை. வரைவு, கீறல், அமில நேரம், மை துடைப்பு எல்லாமே அந்தக் கண்டுபிடிப்பைக் கெடுக்காமல் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைதான்.

இந்த வகைக்கு இலக்கணம் மாதிரி நிற்பது 1738இல் லண்டனில் பகடி ஓவியர் வில்லியம் ஹோகார்த் வெளியிட்ட, களஞ்சியத்தில் வேஷம் கட்டும் ஊர்சுற்றி நடிகைகளின் படம். வரையத் தொடங்கும் முன் அதை ஒரு மணி நேரமாவது உட்கார்ந்து பார்ப்பது நல்லது. நடுவில் கற்புத் தெய்வமான டயானா, அரைகுறை உடையில். ஒரு மூலையில் கழுகு வேஷம் போட்டவள் கைக்குழந்தைக்குக் கூழ் ஊட்டுகிறாள், கூழ்ச்சட்டி கிரீடத்தின் மேல். இரவுத் தேவதை, தேவர்களின் ராணியான ஜூனோவின் காலுறையைத் தைத்துக்கொண்டிருக்கிறாள். ஏணியில் நிற்கும் மன்மதன் மேகத் தட்டியின் மேல் காயும் காலுறையை எடுக்கிறான். குட்டிப் பிசாசுகள் பலிபீடத்தில் பீர் குடிக்கின்றன. கடலலை செய்யும் உருளைகளின் மேல் கோழி அடைந்திருக்கிறது. குரங்கு ஒன்று போர்வீரனின் தலைக்கவசத்தில் சிறுநீர் கழிக்கிறது. இத்தனைக்கும் நடிகைகளின் முகங்கள் சாதாரணமாக, சில அழகாகவே இருக்கின்றன. கவனிக்க வேண்டியது அதுதான்.

அதில் அரசியலும் உண்டு. 1737இல் வந்த சட்டம், அரச உரிமமோ அனுமதியோ இல்லாமல் நாடகம் போடுகிறவர்களைச் போக்கிரிகள், நாடோடிகள் கணக்கில் சேர்த்தது. அந்தச் சட்டத்தின் தாள் படத்துக்குள்ளேயே கிடக்கிறது. நாடக விளம்பரத் தாளோ, சட்டம் நடைமுறைக்கு வரும் முன் இது கடைசி ஆட்டம் என்கிறது. அந்த விளம்பரத் தாள் இல்லாவிட்டால் இது வெறும் வேடிக்கைப் படம். அது இருப்பதால் பிழைப்பு போகப்போகிற ஒரு கூட்டத்தின் படமாகிறது. உங்கள் படத்திலும் எங்காவது படிக்கக்கூடிய ஒரே ஒரு தாள் இருக்கட்டும். இரண்டு வேண்டாம். இரண்டு வைத்தால் பார்க்கிறவர் படிக்க ஆரம்பித்துவிடுவார், பார்ப்பதை நிறுத்திவிடுவார்.

தாளில் முடிக்க வேண்டியவை

முதலில் படம் வரையாதீர்கள், பட்டியல் போடுங்கள். இடது பக்கம் மேடைப் பொருள்கள்: செங்கோல், இடி முழக்கும் தகரத் தகடு, சிறகு, பொய்த்தலை, சிம்மாசனம், மேகத் தட்டி. வலது பக்கம் அன்றாட வேலைகள்: துணி காயப்போடுதல், குழந்தையைத் தூங்கவைத்தல், கணக்குப் பார்த்தல், பல்வலிக்கு மருந்து வைத்தல், தையல். இரண்டையும் கோடு போட்டு இணையுங்கள். முப்பது இணைப்பு கிடைத்தால் பத்துப் பன்னிரண்டை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். எந்த இணைப்பை விளக்க வாய் திறக்க வேண்டியிருக்கிறதோ அதை வெட்டிவிடுங்கள். பொருள் மேடையில் எவ்வளவு உயர்ந்ததோ, பின்னால் செய்யும் வேலை அவ்வளவு சின்னதாக இருக்க வேண்டும். செங்கோலால் அடித்துச் சண்டை போடுவது பலவீனமான நகைச்சுவை. அதே செங்கோலால் முதுகு சொறிவது பலமானது.

அடுத்தது, நாடகம் நடந்துகொண்டிருக்கிறதா இல்லையா என்ற கேள்வி. ஹோகார்த்தின் படத்தில் ஆட்டம் இன்னும் தொடங்கவில்லை. ஆட்டம் நடக்கும்போதே பின்னாலிருந்து பார்ப்பதாக வரைந்தால் வேலை கூடும், பலனும் கூடும். திரையின் பிளவு வழியே மேடையில் நிற்பவரின் முதுகும், அதற்கப்பால் பார்வையாளர்களின் முகங்களும் தெரியும். முன்பக்கம் பட்டு, முதுகுப்பக்கம் ஊக்கு குத்திய கிழிசல் என்று ஒரே உருவத்திலேயே பகடி முடிந்துவிடும். வெளிச்சத்தையும் தீர்மானித்துவிடுங்கள். மேடை விளக்கு எதிர்ப்பக்கம் இருப்பதால் மேடையில் நிற்பவர் நிழலுருவமாகத் தெரிவார், அவரைச் சுற்றி வெளிச்சக் கோடு ஓடும். பின்மேடையில் இருப்பவர்களுக்கு ஒரே ஒரு மெழுகுவத்தியோ லாந்தரோ போதும். இரண்டுக்கு மேல் ஒளி மூலம் வைத்தால் எந்த நிழல் யாருடையது என்று நீங்களே குழம்புவீர்கள்.

காட்சித் தட்டிகளின் பின்பக்கத்தை ஒருமுறையாவது நேரில் பார்த்து வரையுங்கள். மரச்சட்டம், குறுக்குச் சட்டம், மூலையில் அடித்த முக்கோணப் பலகை, சரிந்து விழாமல் முட்டுக் கொடுக்கும் கம்பு, அதன் அடியில் கல்லோ மூட்டையோ. துணியில் ஒட்டு, எந்தத் தட்டி எங்கே என்று கரிக்கட்டியால் எழுதிய எண். இவை சரியாக இருந்தால் மற்ற பொய்யையெல்லாம் கண் நம்பிவிடும்.

தகடு 30 × 40 செ.மீ. இருந்தால் அளவுகளை இப்படி வைக்கலாம்: முன்வரிசை ஆள் 16 முதல் 18 செ.மீ., நடுவரிசை 9 அல்லது 10, திரைக்கப்பால் தெரியும் தலைகள் 1 செ.மீ.க்குக் குறைவு. பகடி தாங்கும் பொருள் எதுவும் 2.5 செ.மீ.க்குக் கீழே போகக் கூடாது. அமிலத்தில் கோடு பக்கவாட்டிலும் அகலும். அதைவிடச் சின்னதாக வரைந்தால் கிரீடம் எது, தொப்பி எது என்று தெரியாமல் போகும்.

கண்ணாடிப் பிம்பம்

தகட்டில் இருப்பது தாளில் இடவலம் மாறி விழும். மறந்தால் வாள் எல்லாம் இடது கையில் இருக்கும், தையல்காரி இடது கையால் தைப்பாள். பழைய அச்சுப்படங்களில் இப்படி இடக்கையர் கூட்டமாகத் தெரிந்தால், வேறு படத்தை அப்படியே தகட்டில் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

தப்பிக்க வழி எளிது. இறுதி வரைவை டிரேசிங் தாளில் மென்மையான பென்சிலால் எடுத்து, பென்சில் பக்கம் தகட்டைப் பார்க்கும்படி கவிழ்த்து, நான்கு மூலையும் ஒட்டி, அச்சு இயந்திரத்தில் லேசான அழுத்தத்தில் ஒருமுறை ஓட்டினால் கோடுகள், தகட்டில் ஏற்கெனவே பூசியிருக்கும் மெழுகில் (பூசும் விதம் அடுத்த பகுதியில்) வெள்ளிநிறத்தில் பதியும். இயந்திரம் இல்லாவிட்டால் கரண்டியின் பின்பக்கத்தால் மெல்லத் தேய்க்கலாம். ஆனால் நகத்தால் தேய்த்தால் மெழுகு கீறும்.

விளம்பரத் தாளில் தமிழ் எழுதுவதாக இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். எழுத்துகளைத் தனித்தனியாகத் திருப்பிவிட்டு வரிசையைத் திருப்ப மறப்பது சகஜம். ‘கொ’ என்றால் தகட்டில் முதலில் கால், பிறகு க, கடைசியில் கொம்பு வர வேண்டும். ‘ப’ எந்தப் பக்கமிருந்தும் ‘ப’வாகவே தெரிவதால் ஏமாற்றும். ‘ட’ உடனே காட்டிக்கொடுக்கும். பக்கத்தில் ஒரு கைக்கண்ணாடி வைத்துக்கொண்டு சொல் சொல்லாகச் சரிபாருங்கள்.

தகடும் மெழுகும்

1 முதல் 1.2 மி.மீ. தடிமனுள்ள செப்புத் தகடு போதும். நான்கு விளிம்பையும் அரத்தால் 45 டிகிரி சாய்வாக ராவி, மூலைகளை உருட்டிவிடுங்கள். கூர்மையாக விட்டால் ஈரத்தாள் கிழியும், இயந்திரத்தின் கம்பளியும் வெட்டுப்படும். கம்பளி வெட்டுப்பட்டால் அந்த வடு அதன் பிறகு ஓட்டும் எல்லாப் பிரதியிலும் விழும்.

அடுத்து எண்ணெய்ப் பசையை எடுக்க வேண்டும். சுண்ணக்கட்டித் தூளில் சில துளி அம்மோனியா விட்டுக் குழைத்துத் துணியால் தேய்த்துக் கழுவுங்கள். தகட்டைச் சாய்த்துப் பிடித்தால் தண்ணீர் ஒரே படலமாக நிற்க வேண்டும். முத்து முத்தாகத் திரண்டால் பசை இன்னும் இருக்கிறது. இந்தச் சோதனையில் சோம்பல்பட்டால் அமிலத் தொட்டியில் மெழுகு செதில் செதிலாக எழும்பும்.

கெட்டி மெழுகு என்பது தேன்மெழுகு, பிட்யூமன் (நிலக்கீல்), ரோசின் (பைன் மரப் பிசின்) மூன்றும் சேர்ந்தது. எடைக்கணக்கில் 2 : 2 : 1 என்பது பழகிய அளவு. தகட்டைச் சூடான மேடையில் வைத்து, மெழுகுக் கட்டி தொட்டதும் உருகும் அளவு சூடானால் போதும். புகை வந்தால் அதிகச் சூடு. கருகிய மெழுகு காய்ந்ததும் உதிரும். உருளையால் மெல்லிய பழுப்புப் படலமாகப் பரப்புங்கள், அடியில் செம்பின் நிறம் மங்கலாகத் தெரிய வேண்டும். நாலைந்து மெழுகுத்திரிகளைச் சேர்த்துக் கட்டி, சூடு ஆறும் முன் தகட்டைக் கவிழ்த்துப் பிடித்து, அந்தச் சுடரின் புகையை ஏற்றினால் மெழுகு கறுத்துவிடும். பிறகு கீறும் கோடு செம்பாக மின்னும். சுடரை ஓரிடத்தில் நிறுத்தாதீர்கள். பின்பக்கத்தையும் விளிம்புகளையும் வார்னிஷாலோ ஒட்டு நாடாவாலோ மூடிவிடுங்கள்.

கீறல்

ஊசி மெழுகை விலக்கினால் போதும், செம்பைத் தோண்ட வேண்டாம். ஆழம் அமிலத்தின் வேலை. புதியவர்கள் அழுத்திக் கீறுவார்கள். அந்த இடத்தில் உலோகம் பிசிறும், கோடு துடிப்பிழந்துபோகும். அதேபோல, அழுத்திக் கீறினால் கறுப்பாக வரும் என்பதும் தவறான நம்பிக்கை.

நிழலுக்குக் குறுக்குக் கோடுகள் போடும்போது, ஆழமாக அரிக்கப்போகிற இடத்தில் கோட்டுக்குக் கோடு அரை மி.மீ.க்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். நெருங்கினால் நடுவிலுள்ள சுவர் கரைந்து எல்லாம் ஒரே பள்ளமாகிவிடும். அகலப் பள்ளத்தில் மை நிற்காது, துடைக்கும்போது துணியோடு வந்துவிடும். இருட்டு என்று நினைத்த இடம் சாம்பல் நிறத் திட்டாக விழும். பின்மேடைப் படத்தில் பாதி இருட்டுதான் என்பதால் இந்தத் தவறு வேறு எந்தப் படத்தையும்விட இதில்தான் அதிகம் நடக்கும். இருட்டை ஒரே அடுக்கில் கொண்டுவராமல் மூன்று அடுக்காக, வேறுவேறு கோணத்தில், வேறுவேறு ஆழத்தில் கட்டுங்கள்.

தூளைத் தூவி நிழல் எடுக்கும் அக்குவாடிண்ட் இதற்குக் குறுக்குவழி. இங்கிலாந்தில் அது பரவியது 1770களில்தான். ஹோகார்த்தின் கையில் கோடு மட்டுமே இருந்தது. இந்த வகைப் படத்துக்குக் கோடே பொருத்தம் என்பது எங்கள் கட்சி. தட்டையான சாயம் இருட்டைச் சீக்கிரம் தரும், ஆனால் இருட்டுக்குள் இருக்கும் பூனையைத் தராது. போட்டே தீருவேன் என்றால் ரோசின் தூள் மூச்சில் போகாதபடி முகமூடி போடுங்கள், பக்கத்தில் தீயோ பொறியோ வேண்டாம். காற்றில் மிதக்கும் அந்தத் தூள் வெடிக்கும்.

அமிலத்தில் எவ்வளவு நேரம்

அரிக்கும் கரைசல் ஃபெரிக் குளோரைடு: அடர்த்தி 40 டிகிரி போமே, வெப்பம் 20 முதல் 25 டிகிரி செல்சியஸ். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். திடமாக வாங்கிக் கரைப்பதானால் தண்ணீரில் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள், நன்றாகச் சூடேறும். பிளாஸ்டிக் தொட்டி மட்டும். அலுமினியப் பாத்திரம் பக்கத்திலேயே வரக் கூடாது. அரிப்பின்போது படிவு கோட்டுக்குள் தங்கி வேலையை நிறுத்தும் என்பதால் தகட்டைக் கவிழ்த்துச் சின்னத் தாங்கிகளின் மேல் வையுங்கள், அல்லது நிற்கும் தொட்டியில் தொங்கவிடுங்கள்.

வழக்கமான நிலக்காட்சியில் தூரம் மெல்லியதாகவும் அருகு அழுத்தமாகவும் இருக்கும்படி அரிப்பார்கள். இங்கே அந்தக் கணக்கை அப்படியே எடுக்காதீர்கள். எந்தப் பொருள் இரண்டு வேலை பார்க்கிறதோ அதன் வெளிக்கோடு, அது எந்த வரிசையில் இருந்தாலும், அதைச் சுற்றியிருப்பதைவிட ஒரு படி ஆழமாக இருக்கட்டும்.

புதுக் கரைசலில் தொடங்க ஒரு மாதிரிக் கணக்கு. முதல் 4 நிமிடத்தில் திரைக்கப்பால் தெரியும் பார்வையாளர்கள் முடிந்துவிடும். தகட்டை எடுத்துக் கழுவி, உலர்த்தி, அந்தப் பகுதியை வார்னிஷால் மூடுங்கள். மொத்தம் 10 நிமிடம் ஆனதும் கூரை வாரையும் தட்டிகளின் சட்டமும். 20 நிமிடத்தில் நடுவரிசை ஆட்கள். 40இல் முன்வரிசை ஆட்களும் அவர்களின் துணி மடிப்பும். 60 முதல் 70 நிமிடம் வரை விட வேண்டியவை மூன்றே: பகடிப் பொருள்களின் வெளிக்கோடு, மெழுகுவத்திக்கு அடியிலுள்ள நிழல், திரையின் கறுத்த விளிம்பு. மூடிய வார்னிஷ் முழுக்கக் காயாமல் மறுபடி அமிலத்தில் இறக்கினால் ஓரங்களில் அமிலம் புகுந்து கோடு பல்லிளிக்கும்.

இந்த நேரங்களை வேதவாக்காக எடுக்க வேண்டாம். குளிர்ந்தாலும், பலமுறை பயன்படுத்திச் செம்பு ஏறியிருந்தாலும் கரைசல் மெதுவாகும். ஒரு கைவிரல் அகலத் துண்டுச் செம்பில் ஐந்து கோடு போட்டு 4, 10, 20, 40, 60 நிமிடம் வைத்து அச்செடுத்துப் பாருங்கள். அந்தத் துண்டுதான் உங்கள் கடிகாரம். பயன்படுத்திய கரைசலில் செம்பு கரைந்திருப்பதால் சாக்கடையில் ஊற்றக் கூடாது. சலவைச் சோடாவால் வலுக்குறைத்து, படிந்த சேற்றை இரசாயனக் கழிவாகவே ஒப்படைக்க வேண்டும்.

மெழுகு மெலிந்த இடத்தில் தேவையில்லாத புள்ளிகள் அரித்திருக்கும். முகத்தில் விழுந்தால் சுரண்டி மெருகிட வேண்டியதுதான். கூரையிலோ தட்டியிலோ விழுந்தால் விட்டுவிடுங்கள். களஞ்சியத்துக்குத் தூசு இலவசமாகக் கிடைத்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அச்செடுப்பு

சதுர மீட்டருக்கு 250 முதல் 300 கிராம் எடையுள்ள பருத்தித் தாளை அரை மணி நேரம் ஊறவைத்து, உறிஞ்சு தாள்களுக்கு நடுவில் ஒற்றுங்கள். மேலே பளபளப்பு இல்லாமல், தொட்டால் குளிர்ச்சியாக இருப்பது சரியான பதம். தகட்டை இளஞ்சூடாக்கி, மையைக் கெட்டி அட்டைத் துண்டால் கோடுகளுக்குள் அழுத்தி நிரப்புங்கள். டார்லடன் என்ற கஞ்சிபோட்ட வலைத்துணியைக் கசக்கி மென்மையாக்கி, வட்டமாகத் துடைக்க வேண்டும். துணியைச் சப்பட்டையாகப் பிடியுங்கள். விரல் நுனியால் அழுத்தினால் பள்ளத்து மையும் வெளியே வரும். கடைசியில் உள்ளங்கையில் சுண்ணக்கட்டித் தூள் தடவி ஒருமுறை வழித்தால் வெள்ளை பளிச்சிடும். இந்தப் படத்தில் அந்தக் கடைசித் துடைப்பை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி செய்யாமல், மெழுகுவத்தியைச் சுற்றியும் திரைப் பிளவிலும் மட்டும் சுத்தமாக வழித்து, மூலைகளில் மெல்லிய மைப்படலத்தை விடுங்கள். பாதி ஒளி அங்கிருந்துதான் வரும். விளிம்புகளைத் துணியால் தனியாகத் துடைக்க மறக்காதீர்கள்.

தகடு, ஈரத்தாள், மெல்லிய தாள், கம்பளிகள் என்ற வரிசையில் அடுக்கி, சக்கரத்தை ஒரே சீராக, நடுவில் நிறுத்தாமல் ஓட்டுங்கள். நிறுத்திய இடத்தில் குறுக்கே ஒரு பட்டை விழும்.

வந்த பிரதியைப் படிக்கத் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆழக் கோட்டின் நடுவில் வெள்ளைப் புள்ளி இருந்தால் தாள் காய்ந்திருக்கிறது அல்லது அழுத்தம் போதவில்லை. கோட்டைச் சுற்றி மை கசிந்திருந்தால் தாளில் ஈரம் அதிகம், அல்லது மை நீர்த்திருக்கிறது. எல்லாம் இரட்டையாகத் தெரிந்தால் தாள் நகர்ந்திருக்கிறது, கம்பளி சரியாக இழுத்துவிடப்படவில்லை. படம் முழுக்கச் சாம்பலாக இருந்தால் துடைப்பை நிறுத்திய இடம் தவறு. தகட்டைக் குறை சொல்லும் முன் இன்னும் இரண்டு பிரதி துடைத்துப் பாருங்கள்.

முதல் பிரதியை, படத்தைப் பற்றி எதுவும் தெரியாத ஒருவரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். எந்தப் பொருளில் கண் நிற்கிறது, எதைத் தாண்டிப் போகிறது என்று பாருங்கள். தாண்டிப் போனவற்றுக்கு மறுபடி மெழுகு பூசி, வெளிக்கோட்டை மட்டும் கீறி, கூடுதலாக 15 நிமிடம் அரிக்கலாம். அவசரத்துக்கு ஊசியால் நேரடியாகச் செம்பில் கீறி அழுத்தம் கூட்டலாம். ஆனால் அந்தப் பிசிறு முதல் பத்து இருபது பிரதிகளிலேயே தேய ஆரம்பித்துவிடும். மாறாக, மிஞ்சி நிற்கும் இடத்தைச் சுரண்டி மெருகிட்டுத் தணிக்க வேண்டும். பெரும்பாலும் மிஞ்சி நிற்பது நீங்கள் ஆசை ஆசையாக வரைந்த ஒரு முகமாக இருக்கும்.

படத்தின் கீழ் விளிம்பில் தலைப்பு, பெயர், நாள். 1735இல் இங்கிலாந்தில் வந்த செதுக்குநர் உரிமைச் சட்டம் அச்சுப்படங்களுக்கு 14 ஆண்டு காப்புரிமை தந்தது, தகட்டிலேயே உரிமையாளர் பெயரும் வெளியிட்ட நாளும் பொறிக்கப்பட வேண்டும் என்றது. அந்தச் சட்டத்துக்காக மல்லுக்கட்டியவர்களில் ஹோகார்த்தும் ஒருவர். அவருடைய களஞ்சியப் படத்தின் கீழே கற்பனை, ஓவியம், செதுக்கல் மூன்று வேலையும் வெளியீடும் தானே என்று எழுதியிருப்பது வெறும் பெருமையடிப்பு இல்லை. அந்தப் படத்தின் மூல எண்ணெய் ஓவியம் 1874இல் தீயில் போய்விட்டது. அச்சுப் பிரதிகள்தான் மிச்சம்.

பிரதிகளை உறிஞ்சு தாளுக்கும் பலகைக்கும் நடுவில் பாரம் வைத்து, தினமும் தாள் மாற்றி, நான்கைந்து நாள் காயவிடுங்கள். பிரதியின் எண்ணைச் சாதாரணப் பென்சிலால் இடப்பக்கம் 3/25 (25இல் மூன்றாவது) என்று போடுங்கள், கையெழுத்து வலப்பக்கம். 25 என்று போட்டுவிட்டு 26ஆவது எடுக்கக் கூடாது. கடைசிப் பிரதி காய்ந்ததும் தகட்டில் மை மிச்சமில்லாமல் கரைப்பானால் கழுவி, மெல்லிய மெழுகு தடவி, தாளில் சுற்றி வையுங்கள். ஈரக்காற்று பட்டால் மெல்லிய கோடுகள்தான் முதலில் போகும், அதாவது திரைக்கப்பால் உட்கார்ந்திருக்கும் அந்தச் சின்னத் தலைகள்.